இங்க மட்டும் வேர்க்கல

தங்கச்சி, காலைக் கொஞ்சம் தூக்கு. பெஞ்சுக்கு அடியில நீலச் செருப்பு ஒண்ணு கெடக்கான்னு பாரு. இல்லையா? சரி விடு. பஸ்ஸ விட்டு எறங்கி வர்ற வழியில எங்கிட்டோ கழண்டு விழுந்துருக்கு. இந்த வருசத்துல இதோட மூணாவது செருப்பு. ஆஸ்பத்திரி வாசக்கிட்ட வந்துதான் குனிஞ்சு பாக்குறேன், ஒத்தக் கால்ல செருப்பில்ல. இந்த வெயில்ல தார் ரோடு எப்படிக் கொதிக்குது, நான் பாட்டுக்கு நடந்து வந்துருக்கேன். நெனப்பு பூராம் வேற எங்கிட்டோ இருந்தா அப்படித்தான்.

உன் பிள்ளைக்கு என்ன, சிரங்கா? ஆத்தி, பச்ச மண்ணு. ஆறிரும், பயப்படாத. நல்லா மடியில போட்டுக்க, காத்து இந்தப் பக்கந்தான் வருது. உன் டோக்கன் எத்தனை? அப்ப இன்னும் நேரம் கெடக்கு. எனக்கு டோக்கன் இல்ல. என் பிள்ள உள்ள போயிட்டா. அந்தா தெரியுதுல்ல, பச்சைக் கதவு, அந்த ரூம்புதான். அரை மணி நேரமா உள்ள இருக்கா. பெத்தவ நான் இங்க வெளிய உக்காந்துருக்கேன், அவளுக்கு என்ன உறவுன்னே தெரியாத ஒரு டீச்சரு உள்ள நிக்கிறா. இத எங்க போயிச் சொல்ல.

நர்சம்மாதான் என்னைய வெளிய உக்காரச் சொன்னாங்க. எதுக்குன்னு சொல்றேன். மொதல்ல நான் எதுக்கு வந்தேன்னு கேளு. எனக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவ சுகந்தி, அவளுக்கு வைகாசியில கல்யாணம் பேசியிருக்கு. நல்ல எடம். மாப்பிள்ளை தறி ஓட்டுறாரு, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. பூ வச்சு, தட்டு மாத்தி எல்லாம் ஆச்சு. இப்ப அந்தக் கல்யாணம் இந்தக் கதவுக்குப் பின்னால நிக்குது. சின்னவளுக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா பத்திரிகை அடிப்போம்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள அந்தச் சீட்ட போட்டோ எடுத்து அனுப்பணும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும். மருந்தும் வேணாம் மாத்திரையும் வேணாம்.

எல்லாம் அந்த மைக்ரோஸ்கோப்பால வந்த வினை. உனக்குத் தெரியுமா அது? பழைய காலத்துல ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுக் குனிஞ்சு பாப்பாகளே, அது இல்ல. இது கைக்கு அடக்கமா டார்ச் லைட்டு மாதிரி இருக்கு. வாயச் சுத்தி குட்டிக் குட்டியா லைட்டு எரியும். வால் மாதிரி ஒரு வயரு, அதக் கொண்டுபோயி டி.வி.யில சொருகுனா, எதுமேல வச்சாலும் அது டி.வி. முழுக்கப் பெரிசாத் தெரியும். எங்க ஊரு பள்ளிக்கூடம் அஞ்சாப்பு வரைக்குந்தான். அதுக்கு எதுக்கு இது? ஆனா வந்துருச்சு. போன வருசம் தமயந்தி டீச்சர் மாத்தலாகி வந்துச்சு, அதுக்கப்புறம் இதுவும் வந்துச்சு. பழைய வாத்தியாரா இருந்தா பீரோவுல வச்சுப் பூட்டியிருப்பாரு, யாருக்கும் ஒரு கெடுதலும் வந்துருக்காது.

நான் நாயத்தைச் சொல்லிரணும். ஆரம்பத்துல எனக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. மகிஷா, அவதான் சின்னவ, நாலாப்பு படிக்கிறா, தெனமும் சாயங்காலம் வந்து மூச்சு விடாமச் சொல்லுவா. உப்பு கட்டங்கட்டமா இருக்குதாம்மா, செம்பருத்திப் பூவுல இருக்குற மஞ்சத் தூளு பூராம் முள்ளு முள்ளா இருக்குதாம்மா, எறும்புக்கு கால்ல முடி இருக்குதாம்மான்னு. ஒருநா கடையில இருந்து ஒரு இட்லிய எடுத்துட்டுப் போயிட்டா. எனக்குப் பஸ் ஸ்டாப்புல இட்லிக்கடை, பதினாறு வருசமா. அந்த இட்லிய டி.வி.யில போட்டுப் பாத்துருக்காக. உள்ள பூராம் அறை அறையா, பொந்து பொந்தா இருந்துச்சாம். மாவு புளிக்கும்போது காத்து கெளம்பி கட்டுன வீடும்மா அதுன்னு சொன்னா. நம்ம இட்லி டி.வி.யில வந்துருச்சுன்னு நான் கடைக்கு வந்தவுக கிட்டயெல்லாம் பீத்திக்கிட்டேன்.

என் இட்லி பேர் போன இட்லி தங்கச்சி. அதுவும் நான் எடுத்துப் போடுற வேகத்தப் பாக்கவே ஆளுக நிக்கும். மத்தவுக கொப்பரைய எறக்கி, தண்ணி தெளிச்சு, துணியோட தூக்கி, அப்புறம் எடுப்பாக. எனக்கு அந்தச் சோலியே கெடையாது. ஆவி பறக்கப் பறக்க வெறுங்கையில எடுத்து எலையில போட்டுருவேன். முந்தியெல்லாம் எனக்கும் சுட்டுச்சுதான். ரெண்டு வருசமா கை நல்லாப் பழகிப்போச்சு, சூடுங்கிறதே தெரியல. டிரைவர் ஆளுக சொல்லுவாக, ஜெயக்கொடியக்கா கை இரும்புக் கைன்னு. இந்தக் கையாலதான் ரெண்டு பொண்ணையும் வளத்தேன். அவரு லோடு வண்டியில போனா மாசத்துக்கு ரெண்டு தடவை வர்றவரு.

அந்தக் கதவு தொறக்குதா? இல்ல, அது பக்கத்து ரூம்பு. சரி.

மாசி கடைசியில தோலைப் பத்திப் பாடம் வந்துருக்கு. பாடத்த வாயால சொல்லிட்டுப் போனா என்ன? அப்படிச் செய்ய மாட்டா அந்த டீச்சரு. பிள்ளைகள மத்தியான வெயில்ல பள்ளிக்கூடத்தச் சுத்தி நாலு சுத்து ஓட விட்டு, உள்ள கூட்டிட்டு வந்து, ஃபேனை நிறுத்திட்டு, ஒவ்வொருத்தரா வந்து கையக் காட்டுங்கன்னு சொல்லியிருக்கா. டி.வி.யில பாத்தா தோலுமேல கோடு கோடா வரப்பு, அந்த வரப்பு மேல சொட்டுச் சொட்டா வேர்வை பூத்து நிக்கிதாம். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. உன் வேர்வை பெரிசா என் வேர்வை பெரிசான்னு போட்டி.

மகிஷா முறை வந்துருக்கு. அவளுக்கு எடது கையில, முழங்கைக்குக் கீழ, எலுமிச்சம்பழத்த வெட்டி வச்ச அளவுக்கு ஒரு தேமல் உண்டு. வெளிறிப்போயி இருக்கும். ஒரு வருசமா இருக்கு, அரிப்பும் இல்ல எரிச்சலும் இல்ல. நானும் கடையில ஒரு களிம்பு வாங்கித் தடவுனேன், பூவரசங்காயத் தடவுனேன். போகல. தேமல் யாருக்குத்தான் இல்ல. மகிஷா போயி சரியா அந்த எடத்துமேலதான் அந்த லைட்டைப் பிடிச்சுருக்கா. வேற எடமே கெடைக்கல இவளுக்கு.

டி.வி.யில ஒரு சொட்டு வேர்வை இல்ல. பூனை முடி கூட இல்லையாம். காஞ்ச களம் மாதிரி கெடந்துருக்கு. மோகித்துன்னு ஒரு பய, மெடிக்கல் ஷாப்புக்காரரு பேரன், அவன்தான் மொதல்ல சொல்லியிருக்கான்.

"மிஸ், இவளுக்கு இங்க மட்டும் வேர்க்கல."

டீச்சரு வந்து ஒரு வெரக்கடை தள்ளி வச்சுப் பாத்துருக்கா. வேர்வை சொட்டுச் சொட்டா நிக்கிது. திரும்பத் தேமலுக்கு மேல கொண்டாந்தா, ஒண்ணுமில்ல. மூணு தடவை அங்கிட்டும் இங்கிட்டும் நகத்திப் பாத்துட்டு, சட்டுனு டி.வி.ய அணைச்சுட்டாளாம். அணைச்சுட்டு, எல்லாரும் நோட்டுல படம் வரைங்கன்னு சொல்லிட்டா. நீயே சொல்லு, ஒண்ணுமில்லைன்னா எதுக்கு அணைக்கணும்? அணைச்சதுதான் தப்பு. அணைச்சதால தான நாப்பது கண்ணும் என் பிள்ள கையைப் பாத்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே ஊரு பூராம் பரவிருச்சு, மகிஷாவுக்கு வேர்க்காதாம்னு.

மகிஷாவுக்கு அது புரியல. விளையாட்டுன்னு நெனச்சுக்கிட்டு வந்து சொல்றா. எல்லாரும் போன பெறகு டீச்சரு இவளத் தனியா நிறுத்தி, கண்ண மூடிக்க, நான் தொடுறப்ப சொல்லுன்னு சொன்னுச்சாம். கோழி இறகு ஒண்ண வச்சு அங்கங்க தொட்டுச்சாம். இவ ஆமா ஆமான்னு சொல்லிட்டே இருந்துருக்கா. கடைசியில கண்ணத் தொறன்னு சொன்னப்ப, இறகு அந்தத் தேமல் மேலதான் இருந்துச்சாம்மா, எனக்குத் தெரியவே இல்லம்மான்னு சிரிச்சுக்கிட்டே சொல்றா. வெயில்ல ஓடுன பிள்ள, தூக்கக் கலக்கம், அதான் தெரியலைன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

மறுநா சாயங்காலம் டீச்சரு வீட்டுக்கே வந்துருச்சு. வீடு தேடி வந்தவள நிக்க வச்சா பேசுறது? உக்கார வச்சு, அடுப்புல இருந்து எறக்குன காப்பிய அப்படியே டம்ளர்ல ஊத்திக் கையில குடுத்தேன். வாங்குன வேகத்துல ஸ்ஸ்னு கத்தி, டம்ளரைக் கீழ போட்டுருச்சு. சேலை பூராம் காப்பி. ஒரு டம்ளரைப் பிடிக்க வக்கில்ல, இது என் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்குடுக்குது. அந்தச் சேலையோட உக்காந்து, கையை ஊதிக்கிட்டே, மெல்லமாத்தான் சொன்னுச்சு. அக்கா, அது தேமல் மாதிரி தெரியல, அதுல உணர்ச்சி இல்ல, வேர்வை இல்ல, தொழுநோயோட ஆரம்பமா இருக்கலாம், பயப்படாதீங்க, இப்பவே பாத்தா மாத்திரையிலயே போயிரும், ஒரு வடு கூடத் தெரியாதுன்னு.

அந்தப் பேரை என் வீட்டுக்குள்ள வந்து சொல்லிட்டா தங்கச்சி. நான் வாயால அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எங்க பெரியப்பா ஒருத்தருக்கு அந்த வியாதி இருந்துச்சு. ஊருக்கு வெளிய ஓடைக்கரையில ஒரு குடிசை போட்டு விட்டுட்டாக. நாந்தான் சோறு கொண்டுபோவேன். எலையில வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம ஓடியாந்துருவேன். அவரு ஒரு நாளும் என்னையக் கூப்பிட்டதில்ல. அவரு முகம் எனக்கு ஞாபகத்துல இல்ல, ஓடியாந்ததுதான் ஞாபகம் இருக்கு. அந்த மாதிரி என் பிள்ளைய விட்டுட்டு இன்னொரு பிள்ள ஓடுறத நான் உசுரோட இருந்து பாக்கணுமா? எனக்குப் பயமா இருக்கு. உன்கிட்ட சொல்றதுக்கு என்ன, யாருன்னே தெரியாது நீ. ராப்பகலா பயந்துக்கிட்டுத்தான் கெடக்கேன்.

ஆனா அவகிட்ட பயத்தக் காட்டல. கெளம்புன்னு சொல்லிட்டேன். மறுநாள்ல இருந்து மகிஷாவுக்கு முழுக்கைச் சட்டை. பங்குனி வெயில்ல முழுக்கை. அப்படியும் ஆச்சா? அவ பக்கத்துல உக்காருற பிள்ளைய அவுக ஆத்தா வேற பெஞ்சுக்கு மாத்தச் சொல்லிட்டா. அந்த மோகித்தோட சித்திய மாப்பிள்ளை ஊர்லதான் கட்டிக் குடுத்துருக்கு. அப்புறம் என்ன, பேச்சு பஸ் ஏறிப் போயிருச்சு. போன வெள்ளிக்கெழமை சம்பந்தியம்மா போன் பண்ணுனாங்க. சத்தம் போடல, மருவாதையாத்தான் பேசுனாங்க. நாங்களும் பொம்பளப் பிள்ள வச்சுருக்கோம், எங்களுக்கும் நாலு பேரு கேப்பாகல்ல, ஒரு சீட்டு மட்டும் வாங்கிருங்கன்னாங்க. சுகந்தி அன்னைக்குச் சாப்பிடல. என் முதுகுக்குப் பின்னால நின்னு ஜாக்கெட் ஊக்கு மாட்டி விட்டா. அவதான் தெனமும் மாட்டி விடுறது, மாவாட்டி மாவாட்டி என் விரல் சொன்ன பேச்சு கேக்குறதில்ல. அவ கண்ணீரு என் முதுகுல விழுந்துச்சு.

திங்கக்கெழமை நேரா பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டேன். கடைய அப்படியே போட்டுட்டு, மாவுக் கையோட. உள்ள போறேன், டி.வி.யில ஒரு ஈயோட கண்ணு தெரியுது, சல்லடை மாதிரி. பிள்ளைக வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்குக. எனக்கு அப்ப வந்த கோவத்துக்கு அந்தக் கருவியச் செவுத்துல அடிச்சு ஒடைச்சுருப்பேன். ஒடைக்கல. அதுக்கு முன்னால என் கையக் கொண்டுபோயி வச்சேன்.

"பாரு. என் கையையும் பாரு. உழைக்கிறவ கையில என்ன வியாதி இருக்குன்னு இந்த டி.வி.யில போட்டுக் காட்டு."

காட்டுச்சு. டி.வி. முழுக்க என் விரலு. ஆள்காட்டி விரலோட உள்பக்கம் தோல் வழண்டு, செக்கச் செவேல்னு ஒரு புண்ணு, அதுக்குள்ள மாவு ஒட்டிக் காஞ்சு கெடக்கு. எனக்கே அப்பத்தான் தெரியும். காலையில கொப்பரை விளிம்புல பட்டுருக்கும்போல. வேலை செய்யுற கைன்னா இதெல்லாம் சகஜந்தான், யாரு ஒக்காந்து விரலு விரலா எண்ணிப் பாத்துக்கிட்டு இருக்கா. ஆனா பிள்ளைக பயந்துருச்சுக. மோகித்துப் பயதான் வாயத் தொறந்தான், அத்தை, இது வலிக்கலையான்னு. வலிச்சா கடை நடத்த முடியுமாடான்னு கேட்டேன்.

அந்த டீச்சரு என்ன செஞ்சாங்கிற? ஏதாச்சும் பேசுவா, சண்டைக்கு நிப்பான்னு பாத்தா, டி.வி.ய ஒருக்கப் பாக்குறா, என் முகத்த ஒருக்கப் பாக்குறா, கண்ணு கலங்கிருச்சு. என் கையை எடுத்து அவ கையில வச்சுக்கிட்டா. அந்தக் காயத்துக்கு ஓரமா விரலால தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு, எத்தனை நாளா அக்கா இப்படி இருக்குன்னு கேக்குறா. பேச்ச மாத்துறா பாரு. நான் எதுக்கு வந்தேன், இவ எதக் கேக்குறா. தப்புப் பண்ணுனவளுக்கு நேரா மன்னிப்புக் கேக்க வாய் வரல, அதான் இப்படி. நான் கைய உருவிக்கிட்டேன். அப்பத்தான் சொன்னா, புதன்கெழமை நானும் லீவு போட்டுட்டு வர்றேன், ஆஸ்பத்திரிக்குச் சேந்து போவோம், நீங்களும் காட்டிக்கங்கன்னு. நான் எதுக்குக் காட்டணும்? எனக்கு வேண்டியது சீட்டு. சரி, இவ வந்தா டாக்டரம்மா இங்கிலீஷ்ல எதையாச்சும் கேட்டாச் சொல்லுவான்னு ஒத்துக்கிட்டேன். அன்னைக்கு ஜெயிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இப்பச் சொல்றேன், என்னைய எதுக்கு வெளிய அனுப்புனாங்கன்னு. நீ சிரிக்கக் கூடாது.

இங்கயும் அதே மாதிரி கண்ண மூடச் சொல்லித்தான் பாப்பாங்கன்னு மகிஷா சொல்லிட்டா. அதனால ரெண்டு நாளா அவளுக்குப் பழக்கி விட்டேன். அவ கண்ண மூடிக்கணும், அவுக தேமல் மேல தொடுறப்ப நான் லேசா இருமுவேன், இருமல் கேட்டா ஆமான்னு சொல்லணும். அவ்வளவுதான். அதுக்கு அவ, பொய்யில்லையாம்மா இது, மைக்ரோஸ்கோப்புல பாத்ததப் பாத்தபடிதான் எழுதணும்னு மிஸ் சொல்லியிருக்காங்களேன்னு கேட்டா. உங்கக்கா கல்யாணத்த நெனச்சுக்கடின்னேன். அப்புறம் கேக்கல. ரெண்டு நாளும் நான் இருமுனேன், அவ ஆமான்னு சொன்னா. ஒரு தப்புப் பண்ணல.

உள்ள போனோம். நர்சம்மா பஞ்ச மெல்லிசாத் திரிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. நெத்தியில தொட்டாங்க, ஆமான்னா. வலது கையில தொட்டாங்க, ஆமான்னா. தேமல் மேல கொண்டுபோனாங்க, நான் இருமுனேன், ஆமான்னா. சரியாத்தான் போயிக்கிட்டு இருக்கு. நர்சம்மா என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. பாத்துட்டு, பஞ்ச மடியில வச்சுட்டு, சும்மா உக்காந்துட்டாங்க. தொடவே இல்ல. அந்த நேரம் பாத்து அந்த ரூம்பு மருந்து வாடை என் தொண்டையில ஏறிருச்சு. அடக்கிப் பாத்தேன், முடியல. நெசமாவே இருமிட்டேன். ஒருக்க இல்ல, நாலஞ்சு தடவை. பாவி மக கண்ண எறுக்கி மூடிக்கிட்டு, ஆமா, ஆமா, ஆமாங்குறா. யாரும் அவளத் தொடாம.

நர்சம்மா திட்டல. அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய போயிக் காத்தாட உக்காருங்கன்னாங்க. கதவு கிட்டப் போயித் திரும்பிப் பாத்தேன். என் பிள்ள கண்ணத் தொறந்து என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறா, அழுகைய அடக்கிக்கிட்டு. அந்த டீச்சரு அவ தோள்மேல கை வச்சுருந்தா. நல்லா அழுத்தித்தான் வச்சுருந்தா. ஊரே தள்ளி நிக்கிற பிள்ளமேல. அத மட்டும் நான் பாத்தேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

என்ன மணி? ஒண்ணா? பொழுது சாயுறதுக்குள்ள சீட்டு கெடைச்சுரும்ல? கெடைச்சுரும். இரு, கதவு தொறக்குது. வந்துட்டா.

மகிஷா, இங்க வாடி. என்னடி சொன்னாங்க? கையில என்ன அட்டை? மாத்திரையா? எதுக்கு மாத்திரை, சீட்டு எங்க? உங்க மிஸ்சு எங்க, இன்னும் உள்ள என்ன பேசுறா? ஏண்டி முழிக்கிற, இந்த அத்தைகிட்ட எல்லாம் சொல்லிட்டேன், சொல்லு.

கேட்டியா தங்கச்சி. நீ இருமாதப்ப நான் பாத்தபடியே சொல்லிட்டேம்மாங்குறா. எனக்குத் தெரியலைன்னு சொல்லிட்டாளாம். சொல்லிட்டா. ரெண்டு நாளு சொல்லிக்குடுத்தது போச்சு. உங்கக்கா முகத்துல நான் எப்படிடி முழிப்பேன்? ... என்ன? வெள்ளத் தேமல் போயிருமாமா? பள்ளிக்கூடத்துக்குப் போலாமா? எல்லாரு கூடவும் உக்காரலாமா? டாக்டரம்மா அப்படியா சொன்னாங்க? நெசமா, அவுக வாயால சொன்னாங்களா? எழுதியும் குடுப்பாங்களாமா, மாத்திரை போட்டா யாருக்கும் ஒட்டாதுன்னு? ... சரி. சரிடி. அத சம்பந்தியம்மாகிட்ட நான் பேசிப் பாக்குறேன். அழாத. நான் அடிக்க மாட்டேன். இங்க வா, கிட்ட வா.

என்னது, என்னையவா? என்னைய எதுக்கு உள்ள கூப்பிடுறாங்க? வீட்டுல இருக்குற எல்லாரையும் பாக்கணுமாமா. எனக்கு என்ன கேடு, நல்லாத்தான இருக்கேன். உங்க மிஸ்சு சொல்லிக் குடுத்துருப்பா, அந்த விரலப் பாத்துட்டு. நான் வரல. கடையில மாவு பொங்கிக் கெடக்கும்.

இவ ஒருத்தி. கண்ண மூடும்மாங்குறா, தங்கச்சி. இவ எனக்கு டாக்டரு. பையில கோழி இறகு வேற வச்சுருக்கா பாரு, அந்த டீச்சரு குடுத்தது. ஏண்டி, ஆஸ்பத்திரி வராண்டாவுல இதெல்லாம் என்ன விளையாட்டு? ... சரி, அழாத, மூடிக்கிறேன். இந்தா, ரெண்டு கையும் நீட்டிட்டேன். நான் ஜெயிச்சா பேசாம வீட்டுக்கு வரணும், சரியா? தங்கச்சி, நீதான் சாட்சி. இவ தொட்ட ஒடனே நான் சொல்றேன், சரியாச் சொல்றேனான்னு பாத்துக்க.

ம். மூடிட்டேன். ஆரம்பி.

ஆரம்பிடி.

என்ன, ரெண்டு பேருக்கும் பேச்சு மூச்சக் காணோம்? தங்கச்சி, இருக்கியா? உன் பிள்ள சிணுங்குது, அதத் தட்டிக் குடு.

மகிஷா, யாருடி அழுகுறது, நீயா? எதுக்கு அழுகுற? நீ இன்னும் தொடவே இல்லையேடி.